பாட்கேக் பிளேஸ்: கடற்கரையில் நாய்க்குட்டியோடு நடப்பதும், அதற்குப் பிறகு செய்ய வேண்டியதும்

கரீபியப் பகுதியில் உள்ள டர்க்ஸ் அண்டு கேகோஸ் தீவுகளுக்கு விடுமுறைக்குச் செல்லத் திட்டமிடும் எவருக்கும், படகுப் பயணம், பவளப்பாறை நீச்சல் ஆகியவற்றோடு சேர்த்து, ஒரு நாய்க்குட்டியைக் கடற்கரைக்கு அழைத்துச் செல்லலாம் என்ற யோசனையையும் யாராவது சொல்லிவிடுவார்கள். அதற்கு வழி செய்து தருவது பாட்கேக் பிளேஸ் என்னும் நாய்க் காப்பகம். பிராவிடென்சியாலிஸ் தீவில் முழுக்க முழுக்கத் தன்னார்வலர்களாலேயே நடத்தப்படும் தொண்டு அமைப்பு அது. நியூஜெர்சியில் வசிக்கும் எங்கள் குடும்பம், அமெரிக்காவின் நாய் இறக்குமதி விதிகள் 2024-இல் மாறுவதற்கு முன்பும், மாறிய பின்பும் அங்கே சென்று வந்திருக்கிறது. இந்த இரு காலங்களுக்கும் இடையே அந்தக் காப்பகத்திற்குத் தேவைப்படும் உதவியின் தன்மையே மாறிவிட்டது. சுற்றுலாப் பயணிகளில் பெரும்பாலோருக்கு அது தெரிவதில்லை என்பதால், இந்த மதிப்புரையைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

காப்பகம் என்றவுடன் நம் மனத்தில் எழும் காட்சி இங்கே பொருந்தாது. வரிசை வரிசையான கூண்டுகளோ, நூற்றுக்கணக்கான நாய்கள் குரைக்கும் திறந்த வெளியோ கிடையாது. கிரேஸ் பே பகுதியில், விடுதிகளுக்கு நடுவே அமைந்த சால்ட் மில்ஸ் வணிக வளாகத்தில், துணிக்கடைகளும் உணவகங்களும் இருக்கும் வரிசையில்தான் நாங்கள் சென்றபோது அது இயங்கியது. மீட்கப்பட்ட குட்டிகளில் பல, தீவில் வசிப்போரின் வீடுகளில் தற்காலிகமாக வளர்கின்றன. ஜேன் பார்க்கர்-ராவ் என்பவர் தொடங்கிய இந்த அமைப்பில் சம்பளத்துக்கு வேலை செய்பவர் எவரும் இல்லை. குட்டிகளின் கழிவை அள்ளுவது, தடுப்பூசிக்கு அழைத்துச் செல்வது, தத்தெடுக்க விரும்புவோரின் விண்ணப்பங்களைப் படித்துப் பார்ப்பது, விமான நிலையத்திற்கு ஓடுவது ஆகிய அனைத்தையும், தங்களுக்கென்று வேறு வேலையும் குடும்பமும் உள்ளவர்களே பகிர்ந்து செய்கிறார்கள். இதை மனத்தில் வைத்துக்கொண்டு போகிறவருக்கு, ஒரு மின்னஞ்சலுக்குப் பதில் வர இரண்டு நாள் ஆனால் சலிப்பு வராது.

பாட்கேக் என்பது இத்தீவுகளிலும் அண்டையிலுள்ள பஹாமாஸிலும் காணப்படும் கலப்பின நாய். பருப்பு வகைகளைச் சேர்த்துச் சமைத்த சோற்றில், பானையின் அடியில் பிடித்துக்கொண்டதைச் சுரண்டி நாய்களுக்குப் போடும் வழக்கத்திலிருந்து வந்த பெயர் அது. குட்டையான ரோமம், மெலிந்த உடல், நீண்ட முகம், பழுப்பும் வெள்ளையும் கறுப்புமாய்க் கலந்த நிறம் என்று, நம் ஊர் நாட்டு நாயை அறிந்த எவருக்கும் முதல் பார்வையிலேயே நெருக்கமாகத் தோன்றும் உருவம். பாதி மடிந்த காதுகளை வைத்துக்கொண்டு அவை நம்மை நிமிர்ந்து பார்க்கும்போது, எந்த ஊரில் நிற்கிறோம் என்பதே ஒரு கணம் மறந்துபோகும். தெருவில் திரியும் பெண் நாய்கள் புதர்களிலும், கட்டி முடிக்கப்படாத வீடுகளின் அடியிலும் ஈனுகின்றன. வறண்ட சுண்ணாம்புக்கல் தீவு என்பதால் இயற்கையான நன்னீர் மிகக் குறைவு. வெயில், தாகம், உண்ணி, வாகனங்கள் ஆகியவற்றுக்குத் தப்பி வளரும் குட்டி அங்கே அதிர்ஷ்டம் செய்த குட்டிதான்.

இனி, குட்டியை நடைக்கு அழைத்துச் செல்லும் ஏற்பாட்டைப் பற்றிச் சொல்கிறேன். முன்பதிவு கிடையாது, முதலில் வருபவருக்கே முதல் வாய்ப்பு. விடுமுறைக் காலத்தில் கதவு திறப்பதற்கு வெகு நேரம் முன்பே வரிசை நீண்டுவிடுகிறது. வரிசையில் நிற்கும் எல்லோருக்கும் குட்டி கிடைப்பதில்லை, கிடைக்கவும் முடியாது. நடைக்கு அனுப்பும் அளவுக்கு வயதும் தடுப்பூசியும் உடல்நலமும் உள்ள குட்டிகளின் எண்ணிக்கை அன்றாடம் மாறக்கூடியது. அழுகிற குழந்தையைச் சமாதானப்படுத்துவதற்காகத் தடுப்பூசி முடியாத குட்டியை ஒருபோதும் வெளியே அனுப்பலாகாது. பார்வோ என்னும் வைரஸ் நோய், வாந்தியும் ரத்தப்போக்கும் உண்டாக்கிக் குட்டிகளைச் சில நாட்களிலேயே கொன்றுவிடக்கூடியது. அதன் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஆகவே "இன்று குட்டி இல்லை" என்று சொல்லத் தயங்காத காப்பகத்தின் மீதுதான் எனக்கு நம்பிக்கை வருகிறது.

எங்களுக்குக் கிடைத்தது, முன்னங்கால்கள் இரண்டும் வெள்ளைக் காலுறை போட்டது போலிருந்த ஒரு பெண் குட்டி. உடலைச் சுற்றிக் கட்டும் பட்டை, கயிறு, தண்ணீர், சிறு கிண்ணம், தின்பண்டம், கழிவை எடுக்கும் பைகள் எல்லாவற்றையும் கையில் கொடுத்து, செய்யக் கூடாதவற்றையும் சொல்லி அனுப்பினார்கள். வளாகத்தின் படிக்கட்டு வரை துள்ளி வந்தவள், முதல் படியைக் கண்டதும் உட்கார்ந்துவிட்டாள். என் மகள் மூன்று படிகள் கீழே இறங்கிப் போய்த் தரையில் குந்தி, எதுவும் பேசாமல், கையை மட்டும் நீட்டியபடி இருந்தாள். குட்டி முதலில் மோப்பம் பிடித்தாள். பிறகு ஒரு காலை வைத்துப் பார்த்து மீண்டும் பின்னால் எடுத்துக்கொண்டாள். கடைசியில் வயிறு படியில் உரச, சறுக்கியபடியே இறங்கி வந்துவிட்டாள். அடுத்த படியை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. மணலை அடைந்தபோது அலை வந்து திரும்பும் ஓசைக்குப் பயந்து எங்கள் கால்களுக்கு இடையே ஒளிந்தவள், சற்று நேரத்தில் சவுக்கு மர நிழலில் குழி தோண்டி, அந்த ஈர மணலிலேயே வயிற்றை ஒட்டிவைத்துப் படுத்துத் தூங்கிப்போனாள்.

திரும்பக் கொண்டு போய் விட்டபோது, அங்கிருந்த தன்னார்வலர் எங்களிடம் கேட்ட கேள்விகள்தான் இந்த ஏற்பாட்டின் உண்மையான நோக்கத்தை எனக்குப் புரியவைத்தன. படியில் எப்படி நடந்துகொண்டாள், தொப்பி அணிந்த ஆண்களைக் கண்டு பயந்தாளா, குழந்தைகள் ஓடியபோது துரத்தினாளா, வாகன ஓசைக்கு என்ன செய்தாள் என்று அவர் வரிசையாகக் கேட்டுக்கொண்டார். நாய்க்குட்டிகளுக்கு ஏறத்தாழ மூன்றாவது வாரத்திலிருந்து பதினான்காவது வாரம் வரை உள்ள பருவம் மிக முக்கியமானது. அந்தக் காலத்தில் நல்ல முறையில் பழகிய மனிதர்களையும் ஓசைகளையும் இடங்களையும் அவை பின்னாளில் அச்சமின்றி ஏற்கும்; அந்தப் பருவம் கடந்த பிறகு அதே பழக்கத்தை உண்டாக்குவது பெரும்பாடு. புதரில் பிறந்த குட்டி ஒன்று, பாஸ்டனிலோ டொராண்டோவிலோ ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் மின்தூக்கியில் ஏறி இறங்கி வாழப் போகிறதென்றால், அது அந்நியர்களின் கைகளைப் பயமின்றி ஏற்கக் கற்றுக்கொள்ள வேண்டும். ஏராளமான அந்நியர்கள் நாள்தோறும் வந்து இறங்கும் சுற்றுலாத் தீவில், அவர்களையே அந்தப் பயிற்சிக்குப் பயன்படுத்துவது மிக நல்ல யோசனை. நமக்கு அது விடுமுறை மகிழ்ச்சி. குட்டிக்கு அது படிப்பு.

அப்படியிருந்தும், பயணிகளுக்குச் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும். சிறு குழந்தை கேட்கிறதே என்று கயிற்றை அதன் கையிலேயே முழுதாகக் கொடுத்துவிடாதீர்கள். கயிறு எப்போதும் பெரியவர் கையில் இருக்கட்டும், குழந்தை கூடவே பிடித்துக்கொள்ளட்டும். நண்பகல் மணல் குட்டியின் பாதத்தைச் சுட்டுவிடும். உங்கள் உள்ளங்கையைச் சற்று நேரம் மணலில் வைத்துப் பார்த்தால் தெரியும். கடல்நீரைக் குடிக்கவிடக் கூடாது. தூங்குகிற குட்டியை ஒளிப்படத்துக்காக எழுப்பாதீர்கள். அந்த வயதில் ஒரு நாளின் பெரும்பகுதியை அவை தூங்கித்தான் கழிக்க வேண்டும். குட்டி களைத்துவிட்டதென்றால், நேரம் மிச்சமிருந்தாலும் கொண்டுபோய் விட்டுவிடுவதே சரி.

வெளிநாட்டு நாய்க் காப்பகங்கள் எல்லாமே இப்படி என்று நினைத்துவிட வேண்டாம். வேறொரு நாட்டில், பெயர் சொல்ல விரும்பாத ஓரிடத்தில், நுழைவுக் கட்டணம் வாங்கிக்கொண்டு, ஒரே ஐந்தாறு குட்டிகளைக் காலை முதல் மாலை வரை பயணிகளின் மடி மாற்றி மடி மாற்றி வைத்ததைக் கண்டு மனம் நொந்து திரும்பியிருக்கிறேன். இவற்றுக்கு எத்தனை தடுப்பூசி ஆயிற்று, சென்ற மாதம் எத்தனை குட்டிகள் வீடு போய்ச் சேர்ந்தன, வளர்ந்த நாய்கள் எங்கே இருக்கின்றன என்ற மூன்று கேள்விகளுக்கும் அங்கே பதில் கிடைக்கவில்லை. எந்த நாட்டில் எந்தக் காப்பகத்துக்குப் போனாலும் இந்த மூன்றையும் கேளுங்கள். குட்டிகள் மட்டுமே எப்போதும் இருந்து, அவை வளர்ந்து எங்கே போயின என்று எவராலும் சொல்ல முடியாத இடத்துக்கு ஒரு காசும் கொடுக்க வேண்டாம். பாட்கேக் பிளேஸில் நாங்கள் கேட்காமலேயே இந்தப் பேச்சு எழுந்தது. தத்தெடுத்த குடும்பங்கள் அனுப்பும் படங்களைத் தன்னார்வலர்கள் ஆசையோடு எடுத்துக் காட்டினார்கள்.

வீடு போய்ச் சேரும் கதைதான் இந்த மதிப்புரையின் மையம். மக்கள்தொகை குறைந்த சிறிய தீவுக்கூட்டத்தில், பிறக்கும் குட்டிகள் எல்லாவற்றுக்கும் உள்ளூரிலேயே வீடு கிடைக்காது. ஆகவே பெரும்பாலானவை வட அமெரிக்காவுக்குப் போயாக வேண்டும். அதற்கு நெடுங்காலமாகக் கைகொடுத்தவர்கள் ஊர் திரும்பும் சுற்றுலாப் பயணிகளே. தத்தெடுப்பவர் ஏற்கெனவே முடிவாகியிருப்பார்; ஆவணங்களைக் காப்பகம் தயார் செய்துவிடும்; விமானத்தில் முன்னிருக்கைக்கு அடியில் வைக்கக்கூடிய மென்மையான பையில் குட்டியை விமான நிலையத்திலேயே கொண்டுவந்து கொடுப்பார்கள். பயணியின் வேலை, அதைப் பத்திரமாக மறுமுனையில் ஒப்படைப்பது மட்டுமே. விதி மாறுவதற்கு முன்பு நாங்களும் அப்படி ஒரு குட்டியை நியூயார்க்குக்குக் கொண்டு வந்தோம். பாதுகாப்புச் சோதனையில் பை மட்டும் எக்ஸ்ரே இயந்திரத்துக்குள் போக, குட்டியைக் கையில் ஏந்தியபடி என் மனைவி உலோகச் சோதனை வாயிலைக் கடந்தார். விமானம் மேலெழும்பியபோது சற்று முனகிய குட்டி, பையின் வலைக்குள் விட்ட ஒற்றை விரலின் மேல் மோவாயை வைத்துக்கொண்டு பயணம் முழுவதும் உறங்கியது. வெளியே வந்தபோது, அதற்கென்றே இரண்டு மணி நேரம் காரோட்டி வந்திருந்த வயதான தம்பதியர், ஒரு போர்வையோடு காத்திருந்தார்கள்.

2024 ஆகஸ்ட் 1 முதல் அந்த வழி அடைபட்டது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் புதிய விதிப்படி, எந்த நாட்டிலிருந்து வந்தாலும் சரி, அமெரிக்காவுக்குள் நுழையும் நாய்க்குக் குறைந்தது ஆறு மாத வயது ஆகியிருக்க வேண்டும். உடலில் மைக்ரோசிப் இருக்க வேண்டும். அதற்கான இறக்குமதிப் படிவத்தை முன்கூட்டியே இணையத்தில் பூர்த்தி செய்திருக்க வேண்டும். வெறிநாய்க்கடி நோய் (ரேபீஸ்) மீண்டும் நாட்டுக்குள் வராமல் தடுப்பதே இதன் நோக்கம். 2007-இல் தன் நாட்டு நாய்களிடையே பரவும் ரேபீஸ் வகை ஒழிந்துவிட்டதாக அறிவித்த அமெரிக்கா, அதைக் காத்துக்கொள்ள முனைவதில் நியாயம் இருக்கிறது. இந்தியா அந்த மையத்தின் அதிக ஆபத்துள்ள நாடுகளின் பட்டியலில் இருப்பதால், சென்னையிலிருந்து தங்கள் நாயை அழைத்து வரும் நம்மவர்களுக்கு விதிகள் இதைவிடக் கடுமையானவை என்பதையும் இங்கே நினைவூட்டுகிறேன். ஆயினும், ரேபீஸ் ஆபத்துப் பட்டியலில் இல்லாத ஒரு தீவின் எட்டு வாரக் குட்டிக்கும் அதே வயது வரம்பு விதிக்கப்பட்டதன் சுமை முழுவதும், இத்தகைய சிறிய காப்பகங்களின் தோளில்தான் இறங்கியிருக்கிறது.

அந்தச் சுமை எத்தகையது என்று கணக்கிட்டுப் பார்த்தால் தெரியும். முன்பு சில வாரங்களில் விமானம் ஏறிய குட்டி, இப்போது அமெரிக்கா போக வேண்டுமானால் ஆறு மாதம் ஆகும் வரை தீவிலேயே இருக்க வேண்டும். அதுவரை அதற்கு உணவு, குடற்புழு நீக்க மருந்து, இதயப்புழுத் தடுப்பு, உண்ணி மருந்து, மீதமுள்ள தடுப்பூசிகள், எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு வீடு வேண்டும். தற்காலிகமாக வளர்க்கும் குடும்பம் ஒரு குட்டியை அத்தனை மாதங்கள் வைத்திருந்தால், அதற்குப் பின்னால் வரும் குட்டிக்கு அந்த வீட்டில் இடமில்லை. இன்னொன்று, ஆறு மாத பாட்கேக் பத்து கிலோவைத் தாண்டிவிடக்கூடியது. இருக்கைக்கு அடியில் வைக்கும் பையில் அது அடங்காது. பயணியின் கைப்பையோடு போய்க்கொண்டிருந்த வேலை, சரக்குப் பிரிவிலும் தனி விமானங்களிலும் இடம் தேடும் வேலையாகிவிட்டது. பழகும் பருவத்தின் பிற்பகுதியைப் புதிய குடும்பத்தோடு கழிக்க வேண்டிய குட்டி, இப்போது அதைத் தீவில் கழிக்கிறது என்பதால், நடைக்கு அழைத்துச் செல்லும் பயணிகளின் பொறுப்பும் கூடியிருக்கிறது.

இந்த நிலையில் அங்கே போகிறவர் என்ன செய்யலாம்? முதலில் பணம். இதைச் சொல்லத் தயங்க வேண்டியதில்லை. டர்க்ஸ் அண்டு கேகோஸ் பிரிட்டனின் கடல்கடந்த ஆட்சிப்பகுதியாக இருந்தாலும், புழங்கும் நாணயம் அமெரிக்க டாலர். உணவு முதல் மருந்து வரை ஏறக்குறைய எல்லாமே கப்பலிலும் விமானத்திலும் வந்து இறங்குவதால் விலைகள் அமெரிக்காவைவிடக் கூடுதல். ஒரு மணி நேரப் படகுச் சவாரிக்குத் தயங்காமல் எடுத்துக் கொடுக்கும் தொகையில் ஒரு பகுதியையாவது, குட்டியைத் திருப்பிவிடும்போது உண்டியலில் போட்டுவிட்டு வாருங்கள். நடைக்கு அவர்கள் கட்டணம் கேட்பதில்லை என்பதற்காக, அது செலவில்லாமல் நடக்கிறது என்று பொருளல்ல.

அடுத்தது பொருட்கள். பெட்டியில் மிச்சமிருக்கும் இடத்தில் எதையாவது திணித்துக்கொண்டு போவதைவிட, புறப்படும் முன்பே என்ன வேண்டும் என்று எழுதிக் கேட்பது நல்லது. எங்களைப் பொறுத்தவரை, பஞ்சு விளையாட்டுப் பொம்மைகளைவிட, குட்டிகளுக்கான உடற்பட்டைகள், துவைத்து மறுபடி பயன்படுத்தும் விரிப்புகள் போன்றவையே நன்கு பயன்பட்டன. மருந்து கொண்டு போவதானால், அவர்கள் குறிப்பிட்டுச் சொன்னதை மட்டும், காலாவதி நாள் பார்த்து வாங்குங்கள்.

குட்டிகளை ஒன்றன்பின் ஒன்றாக விமானமேற்றுவதால் மட்டும் இந்தச் சிக்கல் தீராது என்பதையும் சொல்ல வேண்டும். புதரில் மறுபடியும் ஈனும் தாய் நாய்க்குக் கருத்தடை செய்யாத வரையில் வரிசை நீண்டுகொண்டேதான் இருக்கும். இதைச் சென்னையைச் சேர்ந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தெருநாய்களைக் கொல்வதால் பயனில்லை, பிடித்துக் கருத்தடை செய்து தடுப்பூசி போட்டு அதே தெருவில் விட வேண்டும் என்ற முறையை 1964-லேயே தொடங்கியது நம் சென்னையின் ப்ளூ கிராஸ். மாநகராட்சி அதை ஏற்றது 1996-இல்தான். அந்த நீண்ட காத்திருப்பை அறிந்தவன் என்ற முறையில், தீவில் தரும் நன்கொடையில் ஒரு பங்கு கருத்தடைக்குப் போக வேண்டும் என்று நான் விரும்பிக் கேட்டுக்கொண்டேன், நீங்களும் கேளுங்கள். தத்தெடுப்பு பற்றி யோசிப்பவர்கள் இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். இந்த நாய்கள் கூர்மையான அறிவும் ஓட்டத் துடிப்பும் உள்ளவை. நாள் முழுவதும் பூட்டிய வீட்டில் தனியாக விடப்பட்டால் வாடிப்போகும். விடுமுறை உற்சாகத்தில் முடிவெடுக்காமல், ஊர் திரும்பி ஒரு மாதம் கழித்தும் அதே எண்ணம் இருந்தால் விண்ணப்பியுங்கள்.

கடைசியாக, டொராண்டோவில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு தனி வேண்டுகோள். கனடாவில் இந்த ஆறு மாத வயது வரம்பு இல்லை. தத்துக்குப் போகும் இளங்குட்டிகளுக்கு இறக்குமதி அனுமதி, மைக்ரோசிப், கால்நடை மருத்துவரின் சான்றிதழ் ஆகியவை வேண்டும். அவை முறையாக இருந்தால், பையில் அடங்கும் வயதிலேயே குட்டி விமானம் ஏறலாம். டொராண்டோவிலிருந்து பிராவிடென்சியாலிஸுக்கு நேரடி விமானங்கள் இருக்கின்றன. ஒரு விமானத்தின் பயணியர் அறையில் அனுமதிக்கப்படும் செல்லப்பிராணிகளின் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு என்பதால், பயணச்சீட்டு வாங்கிய உடனேயே திரும்பும் தேதியையும் விமான எண்ணையும் காப்பகத்துக்கு எழுதி அனுப்பி, குட்டி ஒன்றைக் கொண்டுவர உங்களுக்குச் சம்மதம் என்று தெரிவியுங்கள். புறப்படும் நாளன்று காலையில் கடற்கரைக்குப் போகாமல், விமான நிலையத்துக்கு வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னதாகவே போய்ச் சேருங்கள். ஆவணங்களைச் சரிபார்க்க அந்த நேரம் தேவைப்படும்.